ஹவுசிங் மாறிய பிறகு ஷாஃப்ட்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பின் ஹவுசிங்கை (பின் ஆக்சிலும் கிரௌன் பினியனும் இருக்கும் கூடு) மாற்றியபின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்த் தண்டு) பொருத்துவது பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: என்னிடம் 1970களின் அம்பாசிடர் இருக்கிறது. பின் ஹவுசிங்கில் கிரௌன் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) தேய்ந்துபோனதால், கான்டெஸா ஹவுசிங் ஒன்றை வாங்கி, கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்காரும் பேட் வெல்டிங் செய்து மாட்டிவிட்டோம். இப்போது பழைய ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது. ஃபிளாஞ்ச் (ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) ஓட்டைகளும் சேரவில்லை. லேத் பட்டறையில், "அளவு சொல்லுங்க, வெட்டி ஒட்டித் தர்றேன்" என்கிறார்கள். எந்த அளவைச் சொல்வது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இன்றைக்கு எந்த அளவையும் சொல்லாதீர்கள். ஷாஃப்ட் கடைசியில் செய்யவேண்டிய வேலை. ஹவுசிங் தன் இடத்தில் உட்கார்ந்து, யூ போல்ட் முழு இறுக்கத்துக்கு வந்து, ஓடப்போகும் அதே டயர் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இறங்கிய பிறகு கிடைக்கும் அளவுதான் அளவு. பாடியை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங் தொங்கும் நிலையில் டேப் பிடித்தால் வருவது வேறு ஒரு வண்டியின் அளவு.

பள்ளம் வெட்டிய பட்டறை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நான்கு சக்கரத்தையும் ஒரே உயரக் கட்டைமேல் ஏற்றுங்கள். அல்லது பின்பக்கம் ஹவுசிங் குழாயின் அடியிலேயே, பட்டைக்குப் பக்கத்தில், இரண்டு ஸ்டாண்ட் கொடுத்து முன்பக்கத்தையும் அதே அளவு உயர்த்துங்கள். எடை பட்டையின்மேல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி அடியில் படுக்கவேண்டாம். அவை விரிசல் விட்டு எச்சரிப்பதில்லை, ஒரேயடியாக நொறுங்கும்.

டேப்பை முதலில் ஷாஃப்டுக்கு நீட்டாமல் பட்டைக்கு நீட்டுங்கள். இரு பக்கமும், முன் கண் போல்டின் நடுவிலிருந்து பட்டையின் சென்டர் போல்ட் வரை அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹவுசிங் கோணலாக நிற்கிறது. பேடை நீங்கள் வெல்டிங் செய்திருப்பதால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வரவேண்டும். பேடை நாலு இடத்தில் பொட்டு வெல்டிங் வைத்து, கோணம் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங்குக்குப் போயிருக்கவேண்டும். ஒரே ஓட்டத்தில் நீளமாக வெல்டிங் இழுத்தால் குழாய் வளையும். அப்படி வளைந்த ஹவுசிங்கில் ஆக்சில் சீலும் பேரிங்கும் சீக்கிரம் போகும். முழு வெல்டிங் முடிந்துவிட்டது என்றால், ஒருமுறை ஆக்சிலை உருவி மறுபடி செருகிப் பாருங்கள். கையால் வழுக்கிப் போகவேண்டும்.

அடுத்தது பினியன் மூக்கின், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஹவுசிங் முன்முனையின், கோணம். அதை அடுத்த கேள்வியில் சொல்லியிருக்கிறோம். அது முடிந்த பிறகுதான் நீளம்.

உங்கள் ஷாஃப்ட் எந்த வகை என்று பாருங்கள். முன் முனை கியர்பாக்ஸ் வாலுக்குள் நேராகச் செருகும் ஸ்லிப் யோக்காக (முன்னும் பின்னும் வழுக்கும் கவட்டை) இருந்தால், யோக்கை உள்ளே முட்டும்வரை தள்ளி, அங்கிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் முன் கிராஸின் (ஷாஃப்ட் கோணத்தில் மடங்கிச் சுழல உதவும் கூட்டல்குறி வடிவ இணைப்பு) மையத்திலிருந்து பின் கிராஸின் மையம் வரையுள்ள தூரத்தைச் சொல்லுங்கள். இரு முனையும் ஃபிளாஞ்ச், நடுவில் ஸ்ப்லைன் (பல் வெட்டிய, நீளம் கூடிக் குறையும் செருகல்) என்றால் ஃபிளாஞ்ச் முகத்துக்கு முகம் அளந்து சொல்லவேண்டும். உதாரணமாக முகத்துக்கு முகம் 1,290 மி.மீ. வந்தால், ஸ்ப்லைன் முழுக்க மூடிய நிலையில் ஷாஃப்ட் 1,268 மி.மீ. சுமாருக்கு இருக்கவேண்டும். பட்டறைக்காரர் தாளில் "மூடிய நீளம்" என்று எழுதிக்கொடுங்கள். வெறும் 'நீளம்' என்று சொன்னால் அவர் ஒன்றைப் புரிந்துகொள்வார், நீங்கள் ஒன்றை நினைத்திருப்பீர்கள்.

இந்த 20, 25 மி.மீ. எதற்கு? பள்ளத்தில் இறங்கும்போது பட்டை நிமிர்கிறது, ஹவுசிங் முன்னும் பின்னும் நகர்கிறது. இடம் விடாத ஷாஃப்ட் அப்போது முட்டி, ஒரு பக்கம் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கையும் மறுபக்கம் பினியன் பேரிங்கையும் இடிக்கும். மோசமானால் கியர்பாக்ஸின் வால் கூடே விரிசல் விடும். குட்டையாகப் போனாலும் ஆபத்துதான். ஸ்ப்லைன் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் உள்ளே பிடித்திருக்கவேண்டும். இல்லையென்றால் ஆட்டம் கொடுத்து, சீலைக் கிழித்து, சக்கரம் தொங்கும்போது கழன்றே வரும்.

இனி ஃபிளாஞ்ச். நான்கு அளவை வெர்னியரால் எடுங்கள்: நடுவில் மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும் வட்டப் படியின் விட்டம், எதிரெதிர் ஓட்டைகளின் மையத் தூரம், ஓட்டையின் விட்டம், வெளி விட்டம். இவற்றில் முதலாவதுதான் உயிர். ஷாஃப்டை மையத்தில் நிறுத்துவது அந்தப் படி. போல்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். பழைய அம்பாசிடரில் இங்கிலீஷ் அளவுப் போல்ட்; 3/8 அங்குலம் என்றால் 9.5 மி.மீ. வேறு ஹவுசிங்கில் எம் 8 அல்லது எம் 10 (8, 10 மி.மீ. மெட்ரிக் போல்ட்) இருக்கலாம். எம் 10 அந்த ஓட்டையில் நுழையாது. ஓட்டையைப் பெரிதாக்கி எம் 10 போடுவதும், 10 மி.மீ. ஓட்டையில் எம் 8 போடுவதும் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. வட்டப் படி சேராமல் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். 8 கிலோ ஷாஃப்டின் ஒரு முனையில் 4 கிலோ என்று வைத்தால், அந்த முனை வெறும் 0.1 மி.மீ. மையம் விலகினாலே 400 கிராம்–மி.மீ. சமநிலைக் குறைவு வருகிறது. 4,000 சுற்றில் ஓடும் நல்ல கார் ஷாஃப்டுக்கு, ஜி 16 என்ற சமநிலைத் தரப்படி, ஒரு முனைக்கு அனுமதி 150 சுமார்தான். காசு கொடுத்துச் செய்த பேலன்ஸிங் எல்லாம் ஒரு ஓட்டையில் போய்விடும்.

எனவே தேர்வு இந்த வரிசையில் இருக்கட்டும். பினியன் ஸ்ப்லைன் ஒத்துப்போனால் பழைய வண்டியின் பினியன் ஃபிளாஞ்சையே புது ஹவுசிங்கில் மாட்டலாம். ஒத்துப்போகாவிட்டால், புது ஹவுசிங்கோடு வந்த ஷாஃப்டின் பின் யோக்கை வாங்கி உங்கள் குழாயில் வெல்டிங் செய்யலாம். யோக் இரண்டும் வேறு வேறு கப் (கிராஸின் நுனியில் ஊசி பேரிங் இருக்கும் மூடி) அளவு என்றால், இரண்டு பக்கம் இரண்டு அளவு கப் உள்ள கலப்பு கிராஸ் சில அளவுகளில் கிடைக்கிறது. கப் விட்டத்தையும் கப்பிலிருந்து கப் நீளத்தையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 1310 வகை கிராஸ் என்றால் 27 மி.மீ.க்கு 82 மி.மீ. சுமார். இடையில் அடாப்டர் தகடு வைப்பது கடைசி வழி. வைத்தால் இரு முகத்திலும் வட்டப் படியை லேத்தில் ஒரே பிடியில் கடைந்திருக்கவேண்டும். பழைய ஃபிளாஞ்சில் புது ஓட்டை போடுவது வழியே அல்ல.

போல்ட் 8.8 தரத்துக்குக் குறையவேண்டாம், நட் புதிது. 3/8 போல்டுக்கும் எம் 10க்கும் 45 நியூட்டன்–மீட்டர் அருகில் இறுக்கினால் போதும். மெல்லிய வாஷரை இரண்டு மூன்றாக அடுக்காதீர்கள்.

கேள்வி: பினியன் கோணம் என்கிறார்கள். அதை எதை வைத்து அளப்பது? செல்போன் போதுமா? தரை சமமாக இல்லாத ஷெட்டில் அளக்கலாமா?
– வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: தரை கொஞ்சம் சரிவாக இருந்தாலும் கவலை இல்லை. மூன்று கோணங்களை அளக்கப்போகிறோம். வண்டியை நகர்த்தாமல் ஒரே நிற்பில் மூன்றையும் எடுத்தால், தரையின் சரிவு மூன்றிலும் ஒரே அளவு கூடியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது போய்விடும். செல்போனில் கேமரா மேடு இடைஞ்சல் செய்யும், அரை டிகிரி பொய் சொல்லும். காந்தம் வைத்த சிறிய டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

ஷாஃப்டைச் சுற்றி, கிராஸின் ஒரு கப் நேராகத் தரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். சர்க்ளிப்பை (கப்பைப் பிடித்து நிறுத்தும் வளையக் கிளிப்) கழற்றி, கப்பின் முகத்தைத் துடைத்து, கேஜை வண்டியின் நீளவாக்கில் ஒட்டவையுங்கள். கியர்பாக்ஸ் பக்க யோக் காதில் (கப்பைப் பிடிக்கும் கை) ஒரு அளவு, பினியன் பக்கக் காதில் ஒரு அளவு. மூன்றாவது, ஷாஃப்ட் குழாயின்மேல். பெயின்ட், வெல்டிங் துளி, பேலன்ஸ் துண்டு இல்லாத இடமாகப் பாருங்கள்.

ஒரு உதாரணம். கியர்பாக்ஸ் பின்பக்கமாக 3 டிகிரி இறங்குகிறது, ஷாஃப்ட் 5 டிகிரி இறங்குகிறது. முன் கிராஸ் வேலை செய்யும் கோணம் 2 டிகிரி. பினியன் மூக்கு 3 டிகிரி மேலே பார்த்திருந்தால் அது கியர்பாக்ஸுக்கு இணை. பின் கிராஸிலும் 2 டிகிரி. முன் கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்; பின் கிராஸ் அதையே எதிர்மாறாகச் செய்து ஈடுகட்டும். மூக்கு 1 டிகிரிதான் தூக்கியிருக்கிறது என்றால் பின்னால் 4, முன்னால் 2. ஈடு ஆகாது. எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அந்த உறுமல் அடங்காது.

இரண்டு கிராஸின் கோணமும் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 3 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சுழியாகவும் இருக்கக்கூடாது. எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கப்புக்குள் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அழுந்தி, கிராஸில் கோடு கோடாகப் பள்ளம் விழும். அரை டிகிரியாவது வேண்டும். கமான் பட்டை வண்டியில் இன்னொரு விஷயம்: இழுக்கும்போது பட்டை முறுக்கி மூக்கு மேலே எழும். அதனால் நிற்கும்போது இணையைவிட 1 டிகிரி தாழ்த்தி வையுங்கள். அம்பாசிடர் எஞ்சின் பலத்துக்கு அதற்குமேல் தாழ்த்தத் தேவையில்லை.

சரிசெய்வது ஆப்புத் தகடு வைத்துத்தான். 110 மி.மீ. நீளப் பேடுக்கு 2 டிகிரி வேண்டுமென்றால், ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் தடிமன் வித்தியாசம் 3.8 மி.மீ. பட்டறைக்கு டிகிரியில் சொல்லாதீர்கள், மி.மீ.யில் சொல்லுங்கள். ஹவுசிங் பட்டைக்கு மேலே உட்காரும் வண்டியில் மூக்கைத் தூக்க ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வரும். பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் வண்டியில் தடித்த பக்கம் பின்னால். இதை மாற்றிவைத்துவிட்டு, "ஆப்பு வெச்சும் மோசமாயிடுச்சு" என்பவர்கள் நிறைய. ஆப்பு இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் நசுங்கி விரிசல் விடும். சென்டர் போல்டின் தலை பேடின் குழியில் முழுசாக உட்காரவேண்டும். ஆப்பின் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட் போடுங்கள். 500 கி.மீ. ஓடியபின் யூ போல்டை மறுபடி இறுக்குங்கள்.

கடைசியில் பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து இன்னொருமுறை அளந்துவிடுங்கள். அம்பாசிடர் காலியாக ஓடும் வண்டி இல்லையே.

கேள்வி: ஹவுசிங் மாற்றியபின் 60 கி.மீ. வேகத்தில் தரை அதிர்கிறது. ஷாஃப்டை இரண்டு முறை பேலன்ஸ் செய்தாயிற்று. மூன்றாவது முறையும் செய்யச் சொல்கிறார்கள்.
– வாசகர், வில்லியனூர்

பதில்: மூன்றாவது முறைக்குக் காசு கொடுக்கும் முன் அதிர்வின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதிர்வை ஹெர்ட்ஸில் காட்டும் செயலி செல்போனிலேயே கிடைக்கும். போனை முன் சீட்டின் அடித்தண்டவாளத்தில் கட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும், ஓட்டுபவர் பார்க்கவேண்டாம்.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி, தரையில் தூரத்தை அளங்கள். 2.05 மீட்டர் வந்தது என்று வைப்போம். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் 488 சுற்று, அதாவது நொடிக்கு 8. பினியன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 3.9 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 32 சுற்று.

திரையில் 8 அருகே மேடு தெரிந்தால் டயர், வீல் டிஸ்க், வளைந்த ஆக்சில் இவற்றைப் பாருங்கள். 32 என்றால் ஷாஃப்டின் சமநிலை, அல்லது மையம் விலகிய ஃபிளாஞ்ச். 63, 64 அருகே என்றால் கோணம். ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு தருவது கிராஸின் கோணம்தான். உங்கள் கதையில், இரண்டு முறை நல்ல இயந்திரத்தில் பேலன்ஸ் ஆனது உண்மையென்றால், இந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் எதிர்பார்க்கவேண்டும்.

விகிதம் தெரியாதவர்களுக்கு: ஒரு பின்சக்கரம் தரையில், கட்டை கொடுத்து, மறு சக்கரம் தூக்கி. கியர் நியூட்ரல். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். மூன்றேமுக்காலுக்குக் கொஞ்சம் மேலா, நாலரையா என்பது ஃபிளாஞ்சில் போட்ட கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

32 வந்தால் ஷாஃப்டைக் கழற்றி, பினியன் ஃபிளாஞ்சில் மட்டும் 180 டிகிரி திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதிர்வு கூடினாலோ குறைந்தாலோ ஃபிளாஞ்ச் மையத்தில் கோளாறு. அப்படியே இருந்தால் ஷாஃப்டில்.

கேள்வி: எங்கள் ஊர் லேத்தில் ஷாஃப்டைக் குட்டையாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். பேலன்ஸிங் இயந்திரம் இல்லை. இங்கேயே செய்துகொள்ளலாமா? குழாய் புதிதாகப் போடவேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வெட்டி ஒட்டுவதை ஊரிலேயே செய்யலாம், பேலன்ஸிங்குக்கு மட்டும் இயந்திரம் உள்ள ஊருக்கு ஷாஃப்டை எடுத்துச்செல்லுங்கள். லாரி, பேருந்து ஷாஃப்ட் வேலை செய்யும் இடங்களில் கார் ஷாஃப்டையும் செய்வார்கள். போகும்போது கிராஸ், யோக், ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் மாட்டியபடி கொண்டுபோங்கள். வெறும் குழாயைப் பேலன்ஸ் செய்து வந்து புது கிராஸ் போட்டால் பழைய கதைதான்.

வெட்டும் முன் குழாயின் முழு நீளத்துக்கும், இரு யோக் மீதும் சேர்த்து ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். இரு முனை யோக் காதுகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். சில டிகிரி திரும்பினாலும் ஒன்றை ஒன்று ஈடுகட்டாது. நடுவில் ஸ்ப்லைன் உள்ள ஷாஃப்டை எப்போது பிரித்தாலும் இதே கோடு வேண்டும். அம்புக்குறி பழைய ஷாஃப்டில் இருக்கும், கிரீஸ் அழுக்கைச் சுரண்டினால் தெரியும்.

வெட்டுவது குழாயின் நடுவில் அல்ல, ஒரு முனையில். லேத்தில் பழைய வெல்டிங்கைக் கடைந்து எடுத்து, யோக்கை உருவி, குழாயைச் சதுரமாக வெட்டி, யோக்கை மறுபடி இறுக்கமாக அடித்துச் செருகவேண்டும். நான்கு பொட்டு வைத்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கட்டும். முனைக்கு அருகே 0.25, நடுவில் 0.4 மி.மீ.க்குமேல் ஆடக்கூடாது. ஆடினால் பொட்டு நிலையிலேயே தட்டிச் சரிசெய்யலாம். முழு வெல்டிங் ஆனபின் தட்டினால் போராட்டம்தான். வெல்டிங்குக்கு முன் கிராஸைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை ஃபிளாஞ்சில் மாட்டி யோக்கில் வெல்டிங் செய்தால் மின்சாரம் ஊசி பேரிங் வழியே பாய்ந்து அதைச் சுட்டுவிடும்.

குழாயில் துருப்பள்ளம், நசுங்கல் இருந்தால் புதிது போடுங்கள். இழுத்த தையலில்லாக் (சீம்லெஸ்) குழாயோ, இதற்கென்றே வரும் ஷாஃப்ட் குழாயோ வேண்டும். தண்ணீர்க் குழாய் தடிமன் ஒருபக்கம் கூடி ஒருபக்கம் குறைந்திருக்கும். விட்டத்தையும் பார்க்கவேண்டும். 1,300 மி.மீ. நீளத்துக்கு, 1.65 மி.மீ. தடிமனில், 50.8 மி.மீ. குழாய் சுமார் 4,900 சுற்றில் வில்லாக வளையத் தொடங்கும், 63.5 மி.மீ. குழாய் சுமார் 6,100 வரை தாங்கும். அதில் 70 சதவீதத்துக்குள்தான் ஓட்டவேண்டும்: முறையே 3,400, 4,300. மேலே சொன்ன டயரில், 4.55 விகிதத்தில், மணிக்கு 100 கி.மீ. போனால் ஷாஃப்ட் 3,700 சுற்று சுற்றுகிறது. சின்னக் குழாய்க்கு அது அளவு மீறிய வேகம். நீளம் 10 சதவீதம் கூடினால் இந்த எல்லை 17 சதவீதம் இறங்கும். குட்டையாக்குபவர்களுக்குப் பயமில்லை, நீட்டுபவர்கள் கவனிக்கவேண்டும்.

கேள்வி: பினியன் ஃபிளாஞ்சை மாற்றினோம். நட்டை நன்றாக இறுக்கினோம். இப்போது ஹவுசிங்கில் ஊளைச் சத்தம். முன்பு இல்லை.
– வாசகர், காலாப்பட்டு

பதில்: "நன்றாக இறுக்கினோம்" என்பதில்தான் கோளாறு. பல ஹவுசிங்குகளில் இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கும் குழல் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்கின் முன்னிறுக்கம் கூடிக்கொண்டே போகும். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. நசுங்கிய குழல் திரும்ப நிமிராது. புதுக் குழல் போட்டு முதலிலிருந்து வரவேண்டும். கெட்டியான குழலும் ஷிம்மும் (மெல்லிய இடைத்தகடு) உள்ள ஹவுசிங்கில் இந்தத் தொல்லை இல்லை, சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) இறுக்கினால் சரி.

ஃபிளாஞ்சைக் கழற்றும் முன் செய்யவேண்டியது இது: ஷாஃப்டைக் கழற்றி, இரு சக்கரமும் தூக்கி, பிரேக் உரசாமல் பார்த்துக்கொண்டு, ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி மீன்கடைத் தராசு மாதிரி கொக்கித் தராசால் மெதுவாக இழுங்கள். சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நட், பினியன் நுனி, ஃபிளாஞ்ச் மூன்றிலும் பொட்டுக்குறி வைத்து, வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். திரும்ப மாட்டும்போது அதே குறிக்கு வந்து, தராசில் பழைய எடை அல்லது கொஞ்சம் கூடுதல் வந்ததும் நிறுத்துங்கள். ஏர் கன்னை இந்த நட்டின் பக்கமே கொண்டுவரக்கூடாது.

இப்போதைக்கு 10 கி.மீ. ஓட்டிவிட்டு ஹவுசிங் மூக்கைத் தொடுங்கள். கை வைக்கமுடியாத சூடு என்றால் அதற்குமேல் ஓட்டவேண்டாம்.

கேள்வி: புது கிராஸ் போட்டும், கிளட்ச் விடும்போது 'டங்' என்கிறது.
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: வண்டியை அடைத்து நிறுத்தி, ஷாஃப்டைக் கையால் இடவலமாகத் திருப்புங்கள், இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துப் பார்க்கட்டும். ஸ்ப்லைனா, கிராஸா, கிரௌன் பினியனா என்று விரலுக்கே தெரியும். புது கிராஸிலேயே ஆட்டம் என்றால், கப்பைச் சுத்தியால் அடித்தபோது ஒரு ஊசி சரிந்து கப்பின் அடியில் குறுக்கே கிடக்கலாம். சர்க்ளிப் பள்ளத்தில் முழுசாக உட்காராது, அதுதான் அடையாளம். கப்பை வைஸில் வைத்து அழுத்துங்கள், கிராஸை உள்ளே தூக்கிப் பிடித்தபடி. ஊசிகளைக் கிரீஸில் ஒட்டவையுங்கள். மாட்டியபின் கிரீஸ் அடித்தால் நான்கு கப்பிலும் எட்டிப்பார்க்கவேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அதுதான் அடுத்த மழைக்குள் துருப்பிடிக்கப்போகும் கப்.

கேள்வி: ஹவுசிங் மாற்றியதில் விகிதம் 4.55 போய் 3.9 வந்துவிட்டது. ஸ்பீடோமீட்டர்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: குறைத்துக் காட்டும். 3.9ஐ 4.55ஆல் வகுத்தால் 0.857. முள் 60இல் இருக்கும்போது நீங்கள் உண்மையில் 70இல் போகிறீர்கள். கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றும் சின்னப் பினியனை மாற்றவேண்டும். 18 பல் இருந்தால் கணக்குப்படி 15.4 வேண்டும், 15 கிடைத்தால் 3 சதவீதம் கூட்டிக் காட்டும், 16 குறைத்துக் காட்டும். 15ஐப் போடுங்கள்.

கேள்வி: ஹவுசிங் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பிரச்சினை வருமா? 50 வருட வண்டி.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. சக்கர இடைத்தூரம் ஆர்.சி.யில் இருக்கும் விவரம். ஹவுசிங்கை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள். விண்டேஜ் பதிவு எண்ணம் இருந்தால் இன்னும் கவனம்: 2021இல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸ், பாடி, எஞ்சின் திருத்தப்படாத வண்டியைத்தான் கேட்கிறது. புது ஹவுசிங்குக்காகச் சேஸை வெட்டுவது, அடைப்பு ஒட்டுவது வேண்டாம். பழைய ஹவுசிங்கையும் ஷாஃப்டையும் எடைக்குப் போடாமல் கிரீஸ் தடவி வைத்திருங்கள்.

உங்கள் பக்கம் உப்புக்காற்று. ஃபிளாஞ்ச் போல்டில் துரு தடுக்கும் கிரீஸ் பூசலாம், ஆனால் மரையில் பூசினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். தலையிலும் நட்டின் வெளியிலும் மட்டும் பூசுங்கள். அடியில் இருக்கும்போதே ஒரு வேலை: 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் பட்டை இரும்பை வளையமாக வளைத்து, முன் கிராஸுக்குப் பின்னால் 150 மி.மீ.க்குள், ஷாஃப்டைச் சுற்றி 20 மி.மீ. இடைவெளி விட்டு, இருக்கும் ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு மாட்டுங்கள். முன் கிராஸ் ஒடிந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தாமல் அந்த வளையத்தில் நிற்கும்.